வசவில்லாமல் உட்காராதவர்

வாசலிலேயே நிற்பார். காவலாளி கதவைத் திறந்து சலாம் சொல்லியாகிவிட்டது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் படுகிறது. கடலைப் பார்த்த மூலையில் அவருடைய மேசை, வெள்ளை விரிப்பின் மடிப்புக் கலையாமல் காத்திருக்கிறது. ஆனாலும் யேரோ லாம் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார். கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் அங்கியின் அகலக் கைகளைத் தோள்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, சாப்பிடுகிறவர்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். ஒரு வசவு வரவேண்டும். அது வந்த பிறகுதான் உட்காருவார்.

"வந்துட்டியா பால்குடி? சட்டி மூடியே இன்னும் திறக்கல, அதுக்குள்ள மோப்பம் பிடிச்சாச்சா?"

குரல் தெனிங் ஃபாயுடையது. அந்த உணவகத்தில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"அடியே அடிமை, எஜமான் வெயில்ல நிக்கறது கண்ணு தெரியலையா? நாற்காலியை இழுத்துப் போடு."

"எஜமானாம்! உங்க பாட்டனை எங்க பாட்டன் ஒரு மரக்கால் கம்புக்கு வாங்கினாரு. அதுவே நஷ்டம்னு சாகறவரைக்கும் பொலம்பினாரு."

லாமின் முகம் மலரும். உட்காருவார்.

டக்காரில் மெர்மோஸ் பகுதியில் இருக்கும் இந்த உணவகத்துக்கு வக்கீல்கள் வருவார்கள், வங்கி மேலாளர்கள் வருவார்கள், தூதரகத்துக்காரர்கள் வருவார்கள். யாரும் குரலை உயர்த்துவதில்லை. கரண்டி தட்டில் படும் ஓசைகூட அடக்கமாகத்தான் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் எழுபதைக் கடந்த ஒரு பெரிய மனிதரும் சீருடை அணிந்த ஒரு பெண்ணும் இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்டால் புதியவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஊர்க்காரர்கள் தலை நிமிர்த்த மாட்டார்கள். அவள் செரேர் பெண், கம்பு விதைக்கிற குடி. அவர் வடக்கே ஆற்றங்கரையில் பால் குடித்தே வளரும் மாட்டுக்காரக் குடி. இரண்டு குடிகளுக்கும் கேலி முறை. முன்பின் பார்த்திராத இருவர் பேருந்தில் சந்தித்தாலும், குடிப்பெயர் தெரிந்த மறுநொடி ஒருவரையொருவர் அடிமை என்பார்கள், தின்னி என்பார்கள், திருடன் என்பார்கள். கோபம் வந்தவர் தோற்றவர். அவ்வளவுதான் சட்டம்.

லாம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கரைக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் அயல்நாட்டுக் கப்பல்களில் கயிற்றேணி பிடித்து ஏறி, அவற்றைப் பத்திரமாக உள்ளே அழைத்துவந்து நிறுத்துகிற வேலை. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் கை அதை மறக்கவில்லை. தட்டு வரும்போது உள்ளங்கையை உயர்த்திக்கொண்டு, "இடது… இன்னும் இடது… மெல்ல… போதும், நிறுத்து" என்பார். தண்ணீர்க் குவளையும் அப்படித்தான் கரை சேர வேண்டும். உப்புக் குப்பி குவளைக்கு மிக அருகில் நின்றால் விரலால் நகர்த்தி வைப்பார். உணவுப் பட்டியலைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம்வரை வாசித்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிடுகிற அதே மீன் சோற்றைத்தான் கேட்பார்: தக்காளியில் சிவந்த சோறு, பூண்டும் கொத்தமல்லியும் அடைத்த களவா மீன், மரவள்ளி, முட்டைக்கோஸ், ஒரு கசப்புக் கத்தரி, ஓரத்தில் கொஞ்சம் காந்தல். இடது கை மடியில் இருக்கும். "பிஸ்மில்லா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கரண்டியை எடுப்பார்.

புகழ மாட்டார். சமையல்காரர் ஒருமுறை தாமே வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது நெடுநேரம் யோசித்துவிட்டு, "கெட்டுப்போகல" என்றார். அவர் வாயிலிருந்து இதுவரை வந்த மிகப்பெரிய பாராட்டு அது என்று தெனிங் சமையலறைக்குப் போய் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

மனைவி இறந்த பிறகு வீட்டில் அவர் தனி ஆள். பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லாரும் மிகுந்த மரியாதையோடுதான் பேசுகிறார்கள். தெருவில் மரியாதை, மசூதியில் மரியாதை, மருந்துக்கடையில் மரியாதை. வயதானவர்களைச் சுற்றி மனிதர்கள் மரியாதையைக் கொண்டு ஒரு வேலி கட்டிவிடுகிறார்கள். வேலிக்கு அப்பால் நின்றுதான் நலம் விசாரிக்கிறார்கள். வாரத்தில் ஒரே ஒரு வேளை அந்த வேலியை ஒருத்தி மிதித்துத் தள்ளிவிட்டு வருகிறாள். அவர் உணவகத்துக்கு வருவது மீனுக்காகவா இதற்காகவா என்று கேட்டால், மீனுக்காக என்றுதான் சொல்வார்.

அவர் மனைவியை அடக்கம் செய்த அன்று தெனிங் துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண்கள் பாய்களில் அமர்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் லாமின் செருப்பைத் தேடி எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு, அவர் நடப்பதுபோலவே வயிற்றைத் தள்ளி நடந்து, "இந்தத் தின்னிக்கு இனிமே யாரு வடிச்சுக் கொட்டுவா? மகராசி, தப்பிச்சுப் போயிட்டா!" என்று முற்றத்தின் நடுவில் நின்று ஒப்பாரி வைத்தாள். முறைக்காரி செய்ய வேண்டியது அது. காலையிலிருந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த லாம் சிரித்தார். சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே உடைந்து அழுதார். பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

*

போன வெள்ளிக்கிழமை இரண்டு மேசை தள்ளி ஒரு வெளிநாட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கிழவர் என்ன சொல்கிறார் என்று உடன் வந்தவரிடம் கேட்டிருக்கிறாள். அவரும் சொற்களை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். 'அடிமை' என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கரண்டியை வைத்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தெனிங்கின் இரண்டு கைகளையும் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அந்த உணவகத்தைப் பற்றி அவள் இணையத்தில் எழுதியதை ஊர் ஊராகப் படித்தார்கள்.

அந்தப் பெண்ணின் கண்ணீர் பொய்யில்லை. தெனிங் அதைப் பல தடவை நினைத்துப் பார்த்தாள். அவளுடைய பாட்டன்மார் காலத்திலோ அதற்கும் முன்போ, இந்தச் சொல்லை யாரோ யாரையோ பார்த்துச் சிரிக்காமல் சொல்லியிருப்பார்கள். கேலி அந்தக் கறையைக் கழுவிவிட்டதா, மேலே ஒரு விரிப்பைப் போட்டு மறைத்துவைத்திருக்கிறதா? அவளுக்குத் தெரியவில்லை. அவளிடம் யாரும் இதற்குமுன் அப்படிக் கேட்டதும் இல்லை.

உணவகத்தின் முதலாளி உசேனு சாம்ப் டக்காரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அந்தப் பெரியவருக்கும் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியுமா தெனிங்? ஒவ்வொரு மேசையாப் போய் விளக்கம் சொல்லிட்டு இருக்க முடியுமா?"

"நான் நிறுத்திட்டா அவர் என்ன நினைப்பாரு?"

"அவர்கிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே. மத்தவங்களுக்கு எப்படிப் பரிமாறுவியோ, அப்படியே அவருக்கும். இன்னொரு தடவை என் காதுல விழுந்துச்சுன்னா ஏப்ரனைக் கழட்டிக் குடுத்துடு. நான் விளையாட்டுக்குச் சொல்லல."

அவர் கெட்டவர் இல்லை. அந்த வாரம் முன்பதிவுகள் வரிசையாக ரத்தாகிக்கொண்டிருந்தன. தெனிங்குக்குக் கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்கள். இந்த வயதில் இன்னொரு இடத்தில் இப்படி ஒரு வேலை கிடைக்காது. தலையாட்டிவிட்டு வந்தாள்.

*

இந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து லாம் வந்து வாசலில் நின்றபோது, சாம்ப் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டு கல்லாப் பக்கம் நின்றார். தெனிங் முதலாளியைப் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கிக்கொண்டார்.

லாம் அங்கிக் கைகளை ஏற்றிவிட்டுக்கொண்டார். காத்திருந்தார்.

தெனிங் நடந்து போனாள். கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"வாங்க ஐயா. உங்க மேசை தயாரா இருக்கு."

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

"யாரைச் சொல்றே?"

"உங்களைத்தான் ஐயா. உள்ள வாங்க, வெயிலா இருக்கு."

அவர் வந்தார். முன்பு அவர் இப்படி நடந்து அவள் பார்த்ததில்லை. தளத்தின் ஓடுகள் ஆடுவதுபோல, ஒவ்வொரு அடியையும் சோதித்துச் சோதித்து வைத்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவரும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். உணவுப் பட்டியலைக் கையில் வாங்கியவர் அதைப் பிரிக்கவில்லை.

"நான் என்னடி தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல ஐயா."

"போன வாரம் ஏதாவது எல்லை மீறிட்டேனா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. பிசாப் சாறு கொண்டு வரட்டுமா?"

அவள் அந்தச் சிவந்த புளிச்சைப்பூச் சாற்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளங்கை உயரவில்லை. குவளை போன இடத்தில் நின்றது. மீன் சோறும் வந்தது. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் ஒரு கணம் தடுமாறி, மற்றவர்களுக்கு வைப்பதுபோல நேராக வைத்தாள். ஆவி பறந்து, அடங்கி, நின்றும்போனது. அவர் கரண்டியைத் தொடவில்லை.

அவள் இரண்டு மேசைகளுக்குப் பரிமாறிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சாப்பாடு ஆறுதுங்க ஐயா."

"டாக்டரம்மா நேத்து வந்தாளா இங்க?"

மருத்துவர் சொக்னா நியாங் வியாழக்கிழமைகளில் அங்கே சாப்பிட வருகிறவர். அவருக்கும் தெனிங்தான் பரிமாறுவாள்.

"வந்தாங்க."

"உன்கிட்ட என்ன சொன்னா?"

"உப்பு கம்மியாப் போடச் சொன்னாங்க. வேற என்ன சொல்வாங்க?"

"மறைக்காதே தெனிங்."

அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.

"என் பொண்டாட்டி செத்த அன்னிக்கு என் செருப்பைப் போட்டுக்கிட்டு முத்தத்துல ஆடினவ நீ. அன்னிக்கு ஐயான்னு கூப்பிட்டியா? அன்னிக்கே கூப்பிடாதவ இன்னிக்குக் கூப்பிடறேன்னா, அதைவிடப் பெருசா ஒண்ணு இருக்கணும். அதைவிடப் பெருசு என் வீட்ல என்ன மிச்சமிருக்கு? நான்தான்." குரலில் கோபம் இல்லை. கடலில் தண்ணீர் இறங்குவதைக் கணக்குப் போட்டுச் சொல்கிற மாதிரி சொன்னார். "சோதனைக்குன்னு தொண்டையிலேர்ந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தா. முடிவு திங்கக்கிழமைன்னா. வந்துடுச்சா? எத்தனை நாள்னு சொன்னா?"

தெனிங்கின் கையிலிருந்த தண்ணீர்க் கூஜா சாய்ந்து, விரிப்பில் தண்ணீர் பரவியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. தொண்டையா, துண்டா, எதுவும் அவளுக்குத் தெரியாது. இந்த மனிதர் உடம்புக்கு முடியாமல் இருக்கிறார் என்பதே அவளுக்கு இந்த நொடியில்தான் தெரியும்.

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க! சத்தியமாத் தெரியாது. முதலாளிதான் கேலி பேசக் கூடாதுன்னுட்டாரு. போன வாரம் ஒரு அம்மா அழுதுட்டுப் போனாங்கல்ல, அதனால…"

"சாம்பா? டக்கார்ல பொறந்தவன் முறையை நிறுத்தச் சொல்வானா?" அவர் மெல்லத் தலையசைத்தார். அவளுக்காக இரக்கப்படுவதுபோல இருந்தது அது. "பொய் சொல்ல உனக்கு வரல. நீ நல்லவ. சங்கடப்படாதே."

நல்லவ. இத்தனை வருடத்தில் இந்தக் கிழவர் அவளை இவ்வளவு கொடூரமாக எதுவும் சொன்னதில்லை.

உண்மையைச் சொல்லியாகிவிட்டது. மரியாதையாகவும் சொல்லியாகிவிட்டது. அந்த மரியாதையே அதைப் பொய்யாக்கிவிட்டது. இனி எத்தனை தடவை சொன்னாலும் ஒவ்வொரு 'ஐயா'வும் அவருடைய சவக்குழிக்கு ஒரு மண்வெட்டி மண்தான். தொடாத தட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம். திங்கட்கிழமை என்று ஒன்று வரும், மருத்துவர் ஏதாவது சொல்வார். ஆனால் அதுவரை இந்த மனிதர் வீட்டில் போய் உட்கார்ந்து, தன் சாவு நிச்சயம் என்று நம்பிக்கொண்டு, பட்டினியாக, தனியாக…

கல்லாப் பக்கம் பார்த்தாள். சாம்ப் தொலைபேசியை வைத்துவிட்டு இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெனிங் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். அதை மடித்து அவருக்கு எதிரே இருந்த நாற்காலியின் முதுகில் போட்டாள். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

பரிமாறுகிறவள் விருந்தினர் மேசையில் உட்காருவதை அந்தக் கூடம் பார்த்ததில்லை. பக்கத்து மேசையில் கரண்டி ஒன்று பாதி வழியில் நின்றது. இன்னொரு மேசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தெனிங் அவர் தட்டின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வெறுங்கையால் களவா மீனின் தலையைப் பிளந்து, கன்னத்துச் சதையை விண்டு வாயில் போட்டாள். சுவைத்து விழுங்கினாள். சத்தமாக, கூடம் முழுவதும் கேட்கும்படி பேசினாள்.

"சாகறதா இருந்தா சாவு, பால்குடி. மீன் என்ன பாவம் பண்ணுச்சு?"

லாம் அசையவில்லை.

"தொண்டையில துண்டு எடுத்தாளாம்! இத்தனை வருசம் அந்தத் தொண்டை வழியா எறங்கின சோத்துக்கு, கிழியாம இருந்ததே அதிசயம். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? மூடி மறைச்சிருக்க, திருட்டு மாட்டுக்காரா. டாக்டர் என்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நான் என்ன உன் பேத்தியா? உன்னை வாங்கின குடும்பம் நாங்க."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் பிசிறியது. சமாளிக்க இன்னொரு துண்டு மீனை வாயில் திணித்துக்கொண்டாள். சிவந்த எண்ணெய் மணிக்கட்டில் வழிந்தது.

"தெனிங்!" சாம்ப் வேகமாக வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. "என்ன காரியம் பண்ணிட்டிருக்க?"

அவள் திரும்பவில்லை. "ஏப்ரன் இந்த நாற்காலி முதுகுல இருக்கு முதலாளி, எடுத்துக்கங்க. இப்ப நான் உங்க வேலைக்காரி இல்ல. இந்த ஆளுக்கு முறைக்காரி. நீங்க ரெண்டு வார்த்தை முன்னாடியே இவர்கிட்டப் பேசியிருந்தா, இவர் இப்படித் தன்னைத்தானே பொதைச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாரு."

சாம்ப் லாமின் முகத்தைப் பார்த்தார். ஏப்ரனை எடுத்தவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, தடை போட்டது நீதானா?" லாம் அவரிடம் கேட்டார்.

"நான்தான் பெரியவரே. இன்னிக்கு உங்ககிட்டச் சொல்லலாம்னு… தள்ளிப் போட்டுட்டேன்."

லாம் நெடுநேரம் தெனிங்கைப் பார்த்தார். கப்பலின் மேல்தளத்தில் நின்று, கீழே தெரிவது பாறையா வெறும் நிழலா என்று பார்க்கிற பார்வை. அவளும் மெல்வதை நிறுத்தாமல், கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தாள். திங்கட்கிழமை என்ன வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமை இப்போது அவர்கள் இருவருக்கும் பொதுவாக, தட்டைப் போலவே மேசையின் நடுவில் இருந்தது.

"அடியே அடிமை," என்றார். குரல் கரகரத்தது. "கைய எடு."

"எடுக்க மாட்டேன்."

அவர் கரண்டியின் முதுகால் அவள் விரல்களின்மேல் சுள்ளென்று ஒரு தட்டுத் தட்டினார். தட்டை மேசையின் நடுவுக்கு இழுத்தார். வாய்க்குள் "பிஸ்மில்லா" என்று சொல்லிக்கொண்டார். பிறகு கரண்டியின் நுனியைச் சோற்றில் ஊன்றி, கை நடுங்காமல், ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு கோடு கிழித்தார். மிச்ச மீன் முழுவதும் அவர் பக்கம் நின்றது. அவள் பக்கம் ஒரு கைப்பிடிச் சோறும் அந்தக் கசப்புக் கத்தரியும் இருந்தன.